ஷவர்மா கடைக்குச் சரக்குப் போடுவது யார்?



சேலம் - பெங்களூர் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயைத் தாண்டி நல்லம்பள்ளி, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று போய் வருகிறவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். 'சைவ உணவகம்', 'பிரியாணி ஓட்டல்' என்ற பலகைகளுக்கு நடுவே 'ஷவர்மா', 'அல்ஃபாம்', 'குழிமந்தி' என்ற பெயர்கள் வந்துவிட்டன. மாலை ஆறு மணி ஆனால் பெட்டிக்கடை அளவு இடத்தில்கூட நிற்க இடமில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

"இது அரபு நாட்டுச் சாப்பாடு. மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால் இந்தக் கடைகளுக்கு வேண்டிய சரக்கு எங்கிருந்தோ வேனில் வந்து இறங்குகிறது. நாம் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். இந்தச் சாப்பாட்டில் நமக்கு வியாபாரமும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் இது என்ன சாப்பாடு என்று பார்ப்போம். குழிமந்தி ஏமன் நாட்டுப் பக்கத்தது. ஷவர்மா மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள லெபனான், சிரியா, பாலஸ்தீனம் முதலிய நாடுகளுக்கு உரியது. அந்தப் பெயரே 'சுற்றுவது' என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. அந்த நாடுகளில் சிறிய ஓட்டல்களின் மதியச் சாப்பாடு ஷவர்மா மட்டும் அல்ல. நம் ஊருக்கு அதில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது.

சரக்கு விஷயமாகப் பெங்களூர் போயிருந்தபோது, ஆறு மேசை போட்ட அப்படிப்பட்ட ஓட்டல் ஒன்றில் மதியம் சாப்பிட நேர்ந்தது. தட்டில் வந்தவை: ஹம்மஸ், ஃபலாஃபல், இரண்டு ரொட்டி, வெள்ளரிக்காய், தக்காளி, ஊறவைத்த காய்கறி, ஒரு கிண்ணம் பூண்டுச் சாந்து. மளிகைக்காரன் கண்ணோடு பார்த்தால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? ஹம்மஸ் என்பது வெள்ளைக் கொண்டைக்கடலையை வேகவைத்து, எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்புச் சேர்த்து அரைத்தது. அரபு மொழியில் ஹம்மஸ் என்றாலே கொண்டைக்கடலை என்றுதான் பொருள்! ஃபலாஃபல் என்பது ஊறிய கடலையை வேகவைக்காமல் அரைத்து, கொத்தமல்லி, சீரகம், வெங்காயம் போட்டு எண்ணெயில் பொரித்தது. நம் மசால் வடைக்குத் தம்பி என்று சொல்லலாம். மேலே ஊற்றும் ஆலிவ் எண்ணெயைத் தவிர, அந்தத் தட்டில் இருந்த எதுவும் நல்லம்பள்ளிக் கடைவீதியில் கிடைக்காத பொருள் அல்ல.

இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. இந்த வியாபாரம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கொண்டைக்கடலையை மனிதன் முதலில் பயிரிட்டது இன்றைய துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில். அங்கிருந்து நமக்கு வந்தது. எள் நம் நாட்டில் பயிராகி மேற்கே போனது. கொத்தமல்லியும் சீரகமும் அந்தக் கரையிலிருந்து வந்தவை. மிளகு இங்கிருந்து போனது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, கோயில் ஒன்றின் தரையில் புதைத்து வைத்த சாடியில் 7 கிலோவுக்கு மேல் இந்திய மிளகு கிடைத்தது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகள் கிடைத்தன. மதுவும் ஆலிவ் எண்ணெயும் அப்படிப்பட்ட சாடிகளில்தான் கப்பலேறி வந்தன. ரோமாபுரிச் சமையலறைக்குச் சரக்கு அனுப்பிய நாட்டில், நம் பக்கத்துக் கடைக்குச் சரக்குப் போட நாம் தயங்குகிறோம்!

வெளிநாட்டுச் சாப்பாடு நம் சாப்பாட்டைக் கெடுத்துவிடும் என்று வருந்துகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இன்று தக்காளி இல்லாமல் பாலக்கோடு சந்தை உண்டா? மிளகாய் இல்லாமல் நம் குழம்பு உண்டா? நல்ல சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நாளடைவில் நம்முடையதாகி விடுகிறது. கெட்டுப்போன சரக்குத்தான் ஆபத்து.

அந்த ஆபத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நமக்கு அருகில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாவட்ட நிர்வாகம் அங்கே ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. அதற்கு முன்பே கேரளமும் தெலங்கானாவும் இத்தகைய தடையை விதித்திருந்தன.

காரணம் எளிது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். முட்டையையும் எண்ணெயையும் அடித்துக் கலந்து, வேகவைக்காமல், வெயில் அடிக்கும் சாலையோரத்தில் மணிக்கணக்கில் வைத்தால் அது பெருகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கம்பியில் சுற்றும் கோழியும் அப்படித்தான். வெளிப்புறம் கருகி உள்ளே வேகாமல் இருந்தால் அதுவும் விஷமே. எனவே மயோனைஸ் ஒன்றை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

இங்கேதான் மளிகைக் கடைக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. லெபனானில் கோழி ஷவர்மாவுக்குத் தூம் என்ற பூண்டுச் சாந்து தடவுகிறார்கள். மரபான முறையில் அது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டுமே, முட்டை இல்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஷவர்மாவுக்கு எள் விழுதில் எலுமிச்சை கலந்த சாந்து. ஆக, பச்சை முட்டை மயோனைஸ் இல்லாமல் ஷவர்மா இல்லை என்று சொல்கிற கடைக்காரருக்கு, அந்த நாட்டுக்காரன் காட்டும் வழி எள்ளும் பூண்டும்தான். இரண்டும் நம்மிடம் மூட்டையில் இருக்கின்றன. இதையும் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் பச்சை முட்டையால் வரும் ஆபத்து இதில் இல்லை. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? தினமும் அவர்களுக்கு எண்ணெயும் பூண்டும் நிறுத்துக் கொடுக்கிற நாம்தான்.

எவ்வளவு வியாபாரம் இருக்கும் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அதற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எள் விழுது தேவை. எலுமிச்சையும் தண்ணீரும் சேர்த்தால் சுமார் மூன்று கிலோ ஹம்மஸ். அதாவது 100 கிராம் வீதம் 30 தட்டு. ஒரு சிறிய கடைக்கு நாள் ஒன்றுக்கு இதுவே அதிகம். எனவே நல்லம்பள்ளியில் இதை நம்பி மூட்டை மூட்டையாக இறக்க வேண்டாம். ஆனால் கடலையின் எடையில் பாதி முதல் சம அளவு வரை எள் போகிறது என்பதைக் கவனியுங்கள். எள்ளோடு எண்ணெய், மைதா, பூண்டு, சீரகம் எல்லாம் தொடர்ந்து போகும். பெரிய வியாபாரம் அல்ல, நிலையான வியாபாரம்.

அந்த வியாபாரம் நமக்கு வர வேண்டுமானால் சரக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்பது நமக்கும் பொருந்தும்.

வெள்ளைக் கொண்டைக்கடலை புதுச் சரக்காக இருக்க வேண்டும். வெப்பத்தில் நாள்பட்டுக் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் வேகாது. ஓட்டல்காரர் ஒரு முறை ஏமாந்தால் மறுபடி வரமாட்டார். பழைய மூட்டையைப் புதியதோடு கலந்து தள்ளும் பழக்கம் இங்கே செல்லாது.

எள் என்றால் தோல் நீக்கிய வெள்ளை எள். தோலோடு அரைத்தால் விழுது கசக்கும். லேசாக வறுத்து நைஸாக அரைத்தால் அதுவே 'தஹினி' என்று கண்ணாடிப் பாட்டிலில் வெளிநாட்டுப் பெயரோடு அதிக விலைக்கு விற்கிற பொருள். அரைத்து அடைத்து விற்க விரும்புகிறவர்கள் அதற்கான உரிமம் பெற்று, தயாரித்த தேதி போட்டு விற்கட்டும். இல்லாவிட்டால் நல்ல எள்ளை ஓட்டல்காரருக்கே கொடுத்து அரைக்கச் சொல்லுங்கள்.

ஆலிவ் எண்ணெய் வாங்கும்போது பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது பழத்தை அரைத்துப் பிழிந்தது. 'போமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்தது. செக்கு எண்ணெய்க்கும் பிண்ணாக்கிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? இரண்டையும் விற்கலாம். ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை விற்கக் கூடாது.

அடுத்தது பில். ஓட்டல்காரர் 5 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கும் முறையில் இருந்தால், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் "பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள்" என்பார். அந்த வலையில் விழாதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன்படி, நமக்குச் சரக்குக் கொடுத்தவர் தரும் பில்லே அந்தச் சரக்குக்கு உத்தரவாதம். தயாரித்தவர் யார், கொடுத்தவர் யார் என்று அடையாளம் காட்ட முடியாத சரக்கை விற்றால் பொறுப்பு விற்றவர் தலையில்தான் விழும். காலாவதியான சரக்குக்கும் அப்படியே. 2022 ஜனவரி முதல் பில்லில் உணவு உரிம எண் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். நாளை ஓர் ஓட்டலில் ஒரு குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால், அதிகாரிகள் எண்ணெய் டின்னிலிருந்து மசாலாப் பொட்டலம் வரை விசாரிப்பார்கள். அன்று நம்மைக் காப்பது சிபாரிசு அல்ல. கோப்பில் இருக்கும் பில்தான்.

கடைசியாகக் கடன். புதிதாகத் திறக்கும் சாப்பாட்டுக் கடைகளில் பல ஓராண்டுகூட நிலைப்பதில்லை. பலகை புதிதாக இருக்கிறது, கூட்டம் நிற்கிறது என்று மாதக் கணக்கில் பாக்கி விட வேண்டாம். வாரம் ஒரு முறை கணக்குத் தீர்ப்பவருக்கே சரக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நட்பும் கெடாது, முதலும் போகாது.

நண்பர்களே! பெரிய நிறுவனங்கள் நம்மைவிட மலிவாகக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்துக் கடைக்காரரின் பூண்டு நாறுகிறதா, எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று எந்த வேன் டிரைவரும் எட்டிப் பார்த்துச் சொல்லப் போவதில்லை. அந்தக் கடையில் மாலையில் நின்று சாப்பிடுவது நம் பிள்ளை என்பதால் நாம் சொல்வோம். புதுச் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல், அதற்கு நல்ல சரக்கை, சரியான எடையில், பில்லோடு கொடுப்போம். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்வோம். கேட்காதவருக்குச் சரக்கை நிறுத்துவதும் வணிகனின் உரிமையே. உயிரைக் கெடுத்து வரும் லாபம் நமக்கு வேண்டாம்.