மணிக்கட்டு வலிக்குத் தைலம் போதுமா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் கீபோர்டின் பின்னால் உள்ள இரண்டு கால்களையும் நிமிர்த்தி வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வைத்தேன். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தபடியே டைப் செய்தால் உள்ளே செல்லும் மீடியன் நரம்பின் மீது அழுத்தம் கூடும். அந்த நரம்பு அழுந்தினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப் போகும். இரவில்தான் தொல்லை அதிகம். இரண்டு மாதம் தைலம் தேய்த்தேன், பலனில்லை. (வாசனைதான் மிச்சம்!) பிசியோதெரபிஸ்ட் தந்தவை இரண்டுதான்: தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட், நரம்பை மெல்ல அசைக்கும் விரல் பயிற்சி. விலை உயர்ந்த மவுஸ் பேடுக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்பேன். எல்லா வலியும் நரம்பு வலி அல்ல. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, உடனே திருச்சிக்கு பஸ் ஏற வேண்டாம். கையில் பிடித்த டம்ளர் நழுவத் தொடங்கினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கீபோர்டு கால்களை இன்றே மடக்கிவிடுங்கள்.