‘மீதிங்க்ஸ்’ தப்பான இங்கிலீஷா? ‘எனக்குத் தோணுது’ சொல்லும் விடை

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ படிக்கும் மாணவர்கள் தடுக்கி நிற்கும் சொற்களில் ஒன்று ‘மீதிங்க்ஸ்’. ‘ஐ திங்க்’ என்றுதானே வர வேண்டும்? ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மீ’ எப்படி வந்தது? கடைசியில் ஒரு ‘எஸ்’ வேறு எதற்கு? “அது பழைய இங்கிலீஷ், அப்படித்தான் இருக்கும்” என்று பல வகுப்புகளில் கடந்துபோய்விடுகிறார்கள். அப்படிக் கடக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது ரொம்பவே எளிது.

இரண்டு வினைகள், ஒரே ஒலி

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. தோராயமாக ‘தென்ச்சன்’ என ஒலித்தது நினைத்தலைக் குறித்தது. ‘தின்ச்சன்’ என ஒலித்தது தோன்றுதலைக் குறித்தது. காலப்போக்கில் இரண்டும் ஒலியில் கலந்துவிட்டன. இன்றைய ‘திங்க்’ நினைத்தலின் வாரிசு. தோன்றுதல் வழக்கொழிந்தது. ‘மீதிங்க்ஸ்’, அதன் இறந்தகால வடிவமான ‘மீதாட்’ போன்ற ஒன்றிரண்டில்தான் அது தங்கியது.

ஆக, இங்கே ‘மீ’ எழுவாய் அல்ல. நம் இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமை: ‘எனக்கு’. முழுச் சொல்லும் ‘எனக்குத் தோன்றுகிறது’. கடைசியில் உள்ள ‘எஸ்’, ‘தோன்றுகிறது’ என்பதன் ‘து’ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ‘எனக்குத் தோன்றுகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லையே!

‘லைக்’ என்பதற்கும் இதே கதைதான். பழைய ஆங்கிலத்தில் ஒன்று ‘எனக்குப் பிடிக்கும்’. பிறகுதான் ‘ஐ’ முன்னால் வந்து உட்கார்ந்தது.

உடனே, “பாத்தீங்களா, இங்கிலீஷே தமிழ்ல இருந்து வந்ததுதான்” என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஜெர்மானியக் கிளை. தமிழ் திராவிட மொழி. இப்படிப்பட்ட வாக்கிய அமைப்பு உறவே இல்லாத பல மொழிகளில் உண்டு. அமைப்பு ஒத்திருப்பது வம்சாவளிக்குச் சான்று ஆகாது.

ஆனால் பாடம் நடத்த உறவு தேவையில்லை. பல உரைகளில் இதற்கு ‘நான் நினைக்கிறேன்’ என்றே பொருள் தரப்படுகிறது. அதைப் படிக்கும் மாணவருக்கு ‘மீ’யும் புரியாது, ‘எஸ்’ஸும் புரியாது, இரண்டும் பிழையாகவே தெரியும். ‘நினைக்கிறேன்’ என்பதில் பேசுபவர் முன்னால் நிற்கிறார். ‘தோணுது’ என்பதில் சற்று ஒதுங்கி, மறுத்துப் பேச இடம் விடுகிறார். அந்த வேறுபாடும் தொலைந்துபோகிறது. கரும்பலகையில் ‘எனக்குத் தோணுது’ என்று எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், மூன்று கேள்விகளுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.