கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பெரிய அணைகளைக் கவனிக்க ஆள் இருக்கிறது. 1960களின் இறுதியில் எழுந்த பெடு, மூடா அணைகள் மாடா எனப்படும் மூடா வேளாண் மேம்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் தண்ணீரை நம்பித்தான் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் வயலில் இரு போகம் நெல் விளைகிறது. பின்னால் வந்த ஆனிங், பெரிஸ் அணைகளும் அரசின் கண்பார்வையில் இருப்பவையே. நீர்மட்டம் குறிக்கப்படுகிறது, ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் உண்டு.

கவலை தரவேண்டியவை சின்னக் கரைகள்.

ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட் அடித்து, கழுவிக் காயப்போட ஆலைக்கு ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். அதற்காகத் தோட்டங்களில் ஓடையை மறித்து மண்கரை போட்டார்கள். செம்பனை ஆலைகள் வந்தபோதும் அதே தேவை தொடர்ந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் லயங்கள் இருந்த இடங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புகள் எழுந்தன. குளத்தை மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. ஒரு காலத்தில் ஆலைக்கு ஊழியம் செய்த தண்ணீரில் இன்று தூண்டில் போடுகிறார்கள். கரைமேல் மாலை நடை போகிறார்கள். மலையடிவார விடுதிகளும் பழத்தோப்புகளும் புதிதாக வெட்டிக்கொள்ளும் குளங்கள் வேறு. குளம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கரை யாருடைய பொறுப்பு என்று கேட்டால்தான் மௌனம்.

வேலைக்காகக் கட்டிய அணை பொழுதுபோக்குக்கு மாறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு அமெரிக்கா இரண்டு கசப்பான சாட்சிகளைத் தந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை, படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் தர அரசு கட்டிய மண் அணை. கால்வாய்க்கு வேலையில்லாமல் போனதும் அது கைமாறி, கடைசியில் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்றிடம் வந்தது. அடிக்குழாய்கள் ஏற்கனவே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. குதிரைவண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் தப்பிவிடக் கூடாதென்று, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கில் கம்பிவலை அடித்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டார்கள்.

இரண்டாவது அணை சிறியது, அதனால் கெடாவுக்கு இன்னும் நெருக்கமானது. ஜார்ஜியா மாநிலத்தின் தோக்கோவாவில் ஒரு கல்லூரிக்கு மேலே இருந்தது கெல்லி பார்ன்ஸ் அணை. உயரம் சுமார் 12 மீட்டர். மின்சாரம் எடுக்கக் கட்டிய அதில் 1957இல் மின் உற்பத்தி நின்றுபோனது. அதன்பின் அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. கரையின் வெளிச்சரிவு ஒருமுறை சரிந்ததும் உண்டு, கசிவும் உண்டு. 1977 நவம்பர் 6 அன்று பின்னிரவில் கரை போனது. தூக்கத்திலிருந்த 39 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அதிபர் கார்ட்டர், தனியார் அணைகளையும் சேர்த்து ஆய்வு செய்யச் சொன்னார். சுமார் 8,800 அணைகளைப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. பெரும்பாலானவற்றில் குறை ஒன்றுதான்: பெருமழையின் தண்ணீரை வெளியேற்றக் கலிங்கு போதவில்லை.

அங்கே ஓர் அணைக்கு இரண்டு தர மதிப்பீடுகள் தருகிறார்கள். பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, கரை உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பது. உயிர் போகும் என்றால் அது 'உயர் ஆபத்து' அணை. இரண்டாவது, கரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. முதல் தரத்துக்கும் கரையின் உறுதிக்கும் சம்பந்தமே இல்லை. நேற்றுக் கட்டிய திடமான கரைக்குக் கீழே ஒரு தாமான் இருந்தால் அது உயர் ஆபத்துதான். ஓட்டை விழுந்த கரைக்குக் கீழே வெறும் சதுப்பு என்றால் ஆபத்து குறைவு. மேலே ஒன்றும் மாறாமல், கீழே நான்கு வீடுகள் எழுந்த அன்றே ஓர் அணையின் தரம் மாறிவிடுகிறது. தோட்டக் காலத்தில் கரைக்குக் கீழே ரப்பர் மரங்கள் நின்றன. இன்று அங்கே என்ன நிற்கிறது?

மதிப்பீடு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. மிச்சிகனின் ஈடன்வில் அணையின் கட்டுமானம் 2018 ஆய்வில் 'சுமார்' என்ற தரம் பெற்றது. 2020 மே 19 அன்று அது உடைந்தது. அந்த வெள்ளத்தில் சுமார் 10,000 பேர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. கரைக்குள் இறுகாமல் கிடந்த மணல் திடீரென்று குழம்பாகிச் சரிந்ததாக விசாரணை சொன்னது. கண்ணால் பார்த்துத் தரும் தரத்துக்கு எல்லை உண்டு. ஆனால் கண்ணால்கூடப் பார்க்காத கரைகளின் கதி இதைவிட மோசம்.

மண்கரை பெரும்பாலும் இரண்டு வழிகளில் சாகிறது. ஒன்று, தண்ணீர் உச்சியைத் தாண்டி வழிந்து வெளிச்சரிவை அறுப்பது. மற்றது, கரைக்குள்ளேயே தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப்போவது. கரைமேல் மரத்தை வளரவிட்டு, அது பட்டுப்போனால், மக்கிய வேரின் தடமே தண்ணீருக்குச் சுரங்கமாகிறது. உடும்பும் முள்ளம்பன்றியும் தோண்டும் வளைகளும் அப்படித்தான். கரையடியில் ஊறும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால், கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள், அன்றே ஆட்களை அழைக்கவேண்டும். இதற்குப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. கரையோரம் தினமும் நடப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மலேசியாவுக்குக் கரை உடைவது புதுக்கதை அல்ல. 1883 அக்டோபரில் சிலாங்கூரின் கோலா குபுவில் பழைய மண் அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். இலங்கையிலும் 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கரை உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெடாவிலேயே, 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராயிலிருந்து மண்ணும் பாறையும் முழு மரங்களுமாக இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் ஆறு உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங் பகுதியில் மூவர் இறந்தனர். கெடாவின் அந்த இரண்டு பேரிடர்களையும் அணை உடைப்பு என்று சொல்லமுடியாது. ஆனால் அப்படியொரு வெள்ளத்தில் ஓடையின் குறுக்கே ஒரு சின்ன மண்கரை இருந்தால் அது எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை ஊகிக்க அவை போதும்.

கரைக்குப் பொறுப்பாளியை வைக்கப் பழைய முன்மாதிரி உண்டு: தமிழ்நாட்டின் 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. ஊரின் ஏரியைப் பார்த்துக்கொள்ள, குடவோலை போட்டு ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கரைக்குப் பொறுப்பாளி யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. இன்று கெடாவில் வேண்டியதும் அதுதான். மலேசியா 2017இல் மைடேம்ஸ் என்ற அணைப் பாதுகாப்பு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நல்ல முயற்சி, ஆனால் வழிகாட்டி சட்டம் அல்ல. அதோடு, உலக அளவில் 'பெரிய அணை' என்ற கணக்கு பொதுவாக 15 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. தோட்டக் குளங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும்.

நிலமும் நீரும் கூட்டரசு அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில் உள்ளவை. ஆகவே கரைகளுக்குப் பொறுப்பாளியைக் கண்டறியும் வேலையைத் தொடங்கவேண்டியது அலோர் ஸ்டாரில் உள்ள மாநில அரசு. செலவுக்குப் பயப்படத் தேவையில்லை. எல்லாக் குட்டைகளுக்கும் பொறியாளர் போகவேண்டியதில்லை. முதலில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, ஓடையை மறித்து நிற்கும் ஒவ்வொரு கரையையும் மாவட்ட வாரியாகக் குறிக்கலாம். அவற்றில் கீழே வீடோ பள்ளியோ கோயிலோ குளிக்கும் துறையோ இருப்பவற்றைப் பிரிக்கலாம். அந்தச் சிலவற்றுக்கு மட்டும் ஆய்வும் இரண்டு தர மதிப்பீடுகளும் போதும். சொந்தக்காரர் கிடைக்காத கரை என்றால் நீர்மட்டத்தைத் தாழ்த்தவேண்டும். அதுவும் முடியாவிட்டால் கரையை முறையாக வெட்டிக் குளத்தை வடித்துவிடவேண்டும். மீன்பிடிப்பவர்களுக்கு அது வருத்தமாக இருக்கும். கீழே தூங்கும் குழந்தைகளை நினைத்தால் அந்த வருத்தம் தாங்கக்கூடியதே.

மதிப்பீட்டைக் கோப்பில் பூட்டிவைத்தால் பயனில்லை. ஒவ்வொரு குளக்கரையிலும் மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை வேண்டும். கரையின் பொறுப்பாளர் யார், கடைசியாக எப்போது பார்த்தார்கள், கலங்கல் தண்ணீரைக் கண்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். கெடாவில் கனமழை வலுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கு முன்பே முதல் மாவட்டத்தின் பட்டியலாவது வெளிவரவேண்டும். சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்பலாம்.