நெய்தவர் உழைப்பும் உடுத்துபவர் உரிமையும்

பெண்கள் உடுத்தும் உடையைக் கொண்டு மக்களை மதவாரியாகப் பிரிக்க வகுப்புவாத சக்திகள் தொடர்ந்து முயல்கின்றன. 2022 பிப்ரவரியில் கர்நாடக பாஜக அரசு பிறப்பித்த சீருடை ஆணையால், ஹிஜாப் அணிந்த மாணவியர் கல்லூரி வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். ஓர் உடை நமது பண்பாடு, மற்றொன்று அந்நியம் என்று முத்திரை குத்துவோருக்கு ஹைதராபாத்தின் வரலாறு தக்க பதில் தருகிறது.

1931இல் நிஜாமின் மருமக்களான ஒட்டோமான் அரச குலத்துப் பெண்கள் துர்ருஷெவாரும் நிலோஃபரும் இங்கு வந்து சேலை உடுத்தினர். ஹைதராபாத் முஸ்லிம் மணப்பெண் அணியும் ‘கடா துப்பட்டா’ சேலையைப் போன்றே ஆறு கெஜ நீளமுடையது. தக்காண மண்ணுக்கே உரியது. நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் ஊறவைத்து நெய்யப்படும் ‘தேலியா ருமால்’ தெலுங்கு நெசவாளர்களின் கைவண்ணம். அதுவே அரண்மனைப் பெண்களின் துப்பட்டாவாகவும், மீனவரின் தலைப்பாகையாகவும் விளங்கியது. அரபு நாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று. இவற்றை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவது?

எனினும், அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவதற்கில்லை. உடையில் உண்மையான பிளவு வர்க்கப் பிளவே. அரண்மனையில் பட்டும் சரிகையும் மின்னிய அதே சமஸ்தானத்தில், நெசவாளர்கள் ‘வெட்டி’ முறையின்கீழ் நிலப்பிரபுவின் வேலையாட்களுக்கு விலையின்றித் துணி தர வேண்டியிருந்தது. சலவைத் தொழிலாளர் கூலியின்றித் துவைத்தனர். அச்சமூகத்தில் பிறந்த சித்யால அயிலம்மா, விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்துத் தன் நிலத்தையும் விளைச்சலையும் காத்து நின்றார். சேலையைக் கச்சமாகக் கட்டி வயலில் உழைத்த பெண்கள், 1946இல் மூண்ட தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் மிளகாய்ப் பொடியும் உலக்கையும் ஏந்தினர். வட்டாரப் பண்பாட்டின் பெருமைக்குரிய பக்கம் இதுவே.

இன்று பண்பாட்டுக் காவலராக வேடமிடுவோர் நெசவாளருக்குச் செய்தது என்ன? 2020இல் புட்டபாக்க தேலியா ருமாலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மோடி அரசு கலைத்தது. கைத்தறித் துணியின் மீதும் ஜிஎஸ்டி சுமத்தப்பட்டுள்ளது. 2019-20 கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர்; அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

கைத்தறி மீதான ஜிஎஸ்டி நீக்கப்பட வேண்டும். வாரியம் மீண்டும் அமைக்கப்பட வேண்டும். நெசவாளருக்கு நியாயமான கூலி உறுதி செய்யப்பட வேண்டும். எதை உடுத்துவது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். நெசவாளர் வாழ்வுரிமைக்கும் பெண்ணுரிமைக்குமான இவ்விரு போராட்டங்களையும் இணைத்து முன்னெடுப்பது நமது இயக்கத்தின் கடமை.