முப்பதே நாளில் ரியாக்ட்!

'முப்பது நாளில் ஹிந்தி' புத்தகத்தை லட்சக்கணக்கில் வாங்கி, 'மேரா நாம்' தாண்டாமல் பரணில் போட்ட சமூகம் நம்முடையது. அதனால் 'முப்பதே நாளில் ரியாக்ட்! வேலை உத்தரவாதம்!' என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் தொங்கினால் யாரும் திடுக்கிடுவதில்லை. நேற்று வரை காந்திபுரத்தோடு நின்றிருந்த நோட்டீஸ், மேட்டுப்பாளையம், பர்லியாறு வழியாக மலையேறி குன்னூர், ஊட்டி வரைக்கும் வந்துவிட்டது. பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசிவிடலாம் என்று பார்க்கிறேன்.

ரியாக்ட் என்றால் என்ன? அதற்கு முன்னால், ஒற்றைத் திரைச் செயலி என்றால் என்ன? பழைய வெப்சைட் இருக்கிறதே, அது ஒரு விநோதமான பந்தி. சாம்பார் கேட்டால், இலையையே சுருட்டி எடுத்துக்கொண்டு போய், புது இலை போட்டு, மறுபடி உப்பிலிருந்து ஆரம்பித்து, சோறு வைத்து, அதன்மேல் சாம்பார் ஊற்றுவார்கள். ரசம் கேட்டால் மறுபடி புது இலை. ரயில்வே டிக்கெட் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பந்தி நன்றாகத் தெரியும். ஒற்றைத் திரைச் செயலியில் இலை ஒன்றே ஒன்று. சாம்பார் கேட்டால் சாம்பார் மட்டும் வரும். பக்கம் முழுதாக மாறாது. மாற வேண்டிய மூலை மட்டும் மாறும்.

இதற்கான சூட்சுமத்தை மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் மெயிலை பிரவுசரில் காட்டுவதற்காகச் செய்தது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் வைத்தது. கொஞ்ச வருஷம் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தது (முட்டாள்கள் தின ஜோக் என்று பலர் நினைத்தார்கள்). 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். வரைபடத்தைப் பிடித்து இழுத்தால் வந்தது! பிறகு ஆளுக்கொரு கருவிப்பெட்டி செய்தார்கள். 2010இல் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட், 2014இல் வ்யூ. சரித்திரம் போதும்.

என் சண்டை ரியாக்ட்டோடு இல்லை. அது நல்ல சரக்கு. சண்டை, கருவிப்பெட்டியைக் காட்டி 'இதுதான் தச்சு வேலை' என்று விற்கிறவர்களோடு. முப்பது நாளில் என்ன தருகிறார்கள்? ஒரு லாகின் திரை. ஒரு 'செய்ய வேண்டியவை' பட்டியல். இருக்கிற நெட்ஃபிளிக்ஸ் முகப்பை ஈயடிச்சான் காப்பி. முப்பத்தோராவது நாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பட்டனை அமுக்கினதும் நெட் போயிடுச்சுன்னா உன் திரை என்ன சொல்லும்?" என்று கேளுங்கள். முழிப்பான். அவன் தப்பில்லை. சொல்லித்தந்தவர் பிராட்பேண்ட் இருக்கிற ஏ.சி. அறையில் சொல்லித்தந்தார்.

நீலகிரிக்காரனுக்கு இந்தக் கேள்வி முதல் பாடமாக இருக்க வேண்டும். ஒரு கொண்டை ஊசி வளைவில் நாலு கோடு சிக்னல். அடுத்த வளைவில் பூஜ்யம். இங்கேதான் ஒற்றைத் திரைச் செயலியின் இன்னொரு முகம் தெரியும். அது இலையோடு சமையலறையையும் சேர்த்து அனுப்புகிற பந்தி. முதலில் வருவது வெறும் கூடு. பின்னாலேயே மூட்டை மூட்டையாக ஜாவாஸ்க்ரிப்ட் வந்து இறங்கினால்தான் கூட்டுக்குள் ஏதாவது தெரியும். மூட்டை பாதி வழியில் நின்றால்? வெள்ளைத் திரை. ஊட்டி மூடுபனி மாதிரி சுத்தமான வெள்ளை. பழைய சாதுவான பக்கமாக இருந்தால் எழுத்தாவது தெரிந்திருக்கும். எப்போது ஒற்றைத் திரை வேண்டும், எப்போது சாதாப் பக்கமே போதும் என்று தீர்மானிப்பதுதான் படிப்பு. அது நோட்டீஸில் இல்லை.

நான் பி.காம். கம்ப்யூட்டர் விஷயத்தில் பி.காம்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ரியாக்ட்டின் ஆதாரமான யோசனை, எங்கள் முதல் வருஷ அக்கவுன்டன்ஸி. ஜர்னலில் என்ட்ரி போடுகிறோம். லெட்ஜர் அதிலிருந்து வருகிறது. ட்ரையல் பாலன்ஸ் லெட்ஜரிலிருந்து வருகிறது. ட்ரையல் பாலன்ஸ் ஒட்டவில்லை என்று அதிலேயே ரப்பர் வைத்து அழித்துத் திருத்தினால் ஆடிட்டர் தோலை உரிப்பார். மேலே போய் ஜர்னலைத் திருத்து. கீழே தானாகச் சரியாகும். திரை என்பது ட்ரையல் பாலன்ஸ். உள்ளே இருக்கிற விவரம் ஜர்னல். விவரம் மாறினால் திரை மாறும். திரையில் நேராகக் கை வைக்காதே. அவ்வளவுதான். இந்த ஒன்று மண்டையில் ஏறினால் ரியாக்ட்டும் வ்யூவும் நாளைக்கு வரப்போகிற பேர் தெரியாததும் பங்காளிகள்தான் என்று புரிந்துவிடும்.

ஏறாதவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கே பார்த்தாலும் ஆங்குலர்ஜேஎஸ் வகுப்பு. 2016இல் கூகுளே அதை அடியோடு மாற்றி எழுதி, பழசோடு ஒட்டாத புது ஆங்குலரை வெளியிட்டது. 2021 டிசம்பர் கடைசியில் பழையதற்கு ஆதரவும் நின்றது. கருவியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நடுத்தெருவில். ஆனால் 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் செய்த ஜாவாஸ்க்ரிப்ட், அடுக்கு மேல் அடுக்காக வளர்ந்து, இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊட்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியை ஆரம்பித்தபோது, எக்ஸ்-ரேயும் சினிமாவும் இருக்கிறவரை ஃபிலிமுக்கு அழிவேது என்றுதான் நினைத்திருப்பார்கள். இறக்குமதியும் கடனும் டிஜிட்டலும் சேர்ந்து அந்தத் தொழிற்சாலையை என்ன செய்தன என்று அங்கே வேலை பார்த்த அப்பாக்களின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, எதைச் செய்து கற்றுக்கொள்வது? கண்ணெதிரே இருக்கிறதை.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எண்ணிக்கையும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வாரக்கடைசியில் 8,000. வியாபாரிகள் கடையடைத்தார்கள், அது தனிச் சண்டை, அதில் நான் இப்போது இறங்கவில்லை. கற்றுக்கொள்கிறவன் பார்க்க வேண்டியது வேறு. சனிக்கிழமைக்கு 7,999 பாஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் ஒருவர், திருச்சூரில் ஒருவர். ரெண்டு பேர் திரையிலும் 'மீதம் 1'. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்குகிறார்கள். யாருக்குப் பாஸ்? திரையில் இருப்பது நகல்தான். அசல் எண்ணிக்கை சர்வரில் இருக்கிறது. கடைசி வார்த்தை அதனுடையது. தோற்றவர் திரையில் கௌரவமாக ஒரு வரி தமிழில் வர வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு மாதம் வகுப்பு எடுக்கலாம். எடுக்கிறார்களா?

இதைவிடப் பெரிய விஷயம், தேயிலை.

குன்னூரில் 1963இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. சுத்தியல் தட்டிய ஏலம்தான். 2003இல் டீசர்வ் ஏல மையம் மின்னணு ஏலத்தோடு வந்தது. பிறகு மற்றதும் திரைக்கு மாறியது. அதாவது இந்த மலையின் பிரதானத் தொழிலுக்கு விலை நிர்ணயமாவதே, நொடிக்கு நொடி எண் மாறுகிற ஒரு திரையில்தான். வாங்குகிறவரிடம் திரை இருக்கிறது. விற்றுத் தருகிற புரோக்கரிடம் இருக்கிறது. அரை ஏக்கர் வைத்துக்கொண்டு முதுகில் இலை சுமந்து வருகிற சிறு விவசாயியிடம் என்ன இருக்கிறது? எடை எழுதின ஒரு துண்டுச் சீட்டு.

இத்தனைக்கும் கணக்கு ராணுவ ரகசியம் இல்லை. 2003ஆம் வருஷத் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் விலைப் பங்கீடு இருக்கிறது. தூள் விற்ற காசில் விவசாயிக்கு 65, பேக்டரிக்கு 35. மாவட்ட சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? உதாரணத்துக்கு, தூள் கிலோ 120 ரூபாய். அதில் 65 சதவிகிதம் 78 ரூபாய். நூறு கிலோ பச்சைத் தேயிலையிலிருந்து 24 கிலோ தூள் தேறுகிறது என்றால், ஒரு கிலோ இலைக்கு 18 ரூபாய் 72 காசு. 85 கிலோ போட்டவருக்கு 1,591 ரூபாய் 20 காசு.

இப்போது அந்த 24ஐ 22 ஆக்குங்கள். கிலோவுக்கு 1 ரூபாய் 56 காசு குறைகிறது. 85 கிலோவுக்கு 132 ரூபாய் 60 காசு காலி. மழை நாளில் இலை ஈரம் என்று எடையிலேயே பத்து சதவிகிதம் கழித்தால் இன்னொரு கடி. பேப்பரில் எழுதினால் இது ஒரு சூத்திரம், யாருக்கும் உறைக்காது. திரையில் மூன்று கம்பி வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் தள்ளத் தள்ள கீழே ரூபாய் ஏறி இறங்கினால்? எந்தக் கம்பி தன்னைக் கடிக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்துவிடும். அடுத்த தடவை கொள்முதல் செய்கிறவரிடம், "ஏம்ப்பா, இந்த மாசம் எத்தனை தேறுச்சு?" என்று கேட்கலாம். 2023இல் கோத்தகிரிப் பக்கம் கட்டுப்படியாகிற விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரு செயலி அந்த விலையை வாங்கித் தந்துவிடாது. ஆனால் பேரம் பேச உட்காரும்போது கையில் எண் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்வான்.

இதற்கு ரியாக்ட்கூட வேண்டாம். எச்டிஎம்எல்லும் ஐம்பது வரி ஜாவாஸ்க்ரிப்ட்டும் போதும். சர்வீஸ் வொர்க்கர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை திறந்த செயலியை போனுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத தோட்டத்திலும் திறக்கும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் சண்டை போட வேண்டியிருக்கும். அந்தச் சண்டைதான் படிப்பு.

"இப்பல்லாம் ஏஐ கிட்ட சொன்னா எழுதித் தந்துடுதே சார், நாங்க ஏன் கத்துக்கணும்?" என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. தரும். மூன்று கம்பியும் வைத்துத் தரும், வழவழவென்று. ஈரக் கழிவை எடையில் கழிக்க வேண்டுமா, ரூபாயில் கழிக்க வேண்டுமா என்று அதற்கு யார் சொல்வது? 65ஐயும் 35ஐயும் மாற்றிப் போட்டிருந்தால் யார் கண்டுபிடிப்பது? கணக்கப்பிள்ளை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கணக்கே தெரியாத முதலாளி கணக்கப்பிள்ளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் காமர்ஸ் புத்தகம் பூராவும் உதாரணம்.

காமர்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடத்திட்டத்தில் 'கணினிப் பயன்பாடுகள்' என்று ஒரு புத்தகம். காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கானது. எச்டிஎம்எல் இருக்கிறது, ஜாவாஸ்க்ரிப்ட் இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் இருக்கிறது. மேற்கொண்டு வேண்டுமானால் 2012லிருந்து கணியம்காரர்கள் எளிய தமிழில் கணினிப் புத்தகங்களாகப் போட்டு இலவசமாகத் தருகிறார்கள். ஆங்கிலம் சமாளிக்க முடிந்தால் ஃப்ரீகோட்கேம்ப் காசு கேட்பதில்லை. பின் ஏன் பிள்ளைகள் காசு கட்டி நோட்டீஸ்காரரிடம் போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை ஒரு மார்க் கேள்வியாகவும் அஞ்சு மார்க் கேள்வியாகவும் அறுத்து வைத்திருக்கிறோம். நிரலைப் பேப்பரில் மனப்பாடமாக எழுதி, அரைப்புள்ளி விட்டதற்கு அரை மார்க் இழந்து, பாஸாகி வெளியே வருகிறான் பையன். ஓடுமா ஓடாதா என்று அந்த நிரலை ஓட்டிப் பார்க்காமலே! நீச்சல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு.

கல்லூரி மட்டும் என்ன வாழ்கிறது? கடைசி வருஷ ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். எம்ப்ளாயி மேனேஜ்மென்ட் சிஸ்டம். இருபத்தைந்து வருஷமாக அதே ரெண்டு சிஸ்டம். ப்ராஜெக்ட் சென்டரில் ஸ்பைரல் பைண்டிங்கோடு ரெடிமேடாகக் கிடைக்கிறது. அப்பா காசு கொடுக்கிறார், பையன் முதல் பக்கத்தில் பெயர் போடுகிறான். அப்பா இலை விற்றுச் சம்பாதித்த காசு அது.

நீலகிரியிலுள்ள கல்லூரிகள் வருகிற வருஷம் ஒரே ஒரு தலைப்பை மாற்றலாம்: பச்சைத் தேயிலைக் கணக்கு, ஒற்றைத் திரை, தமிழில். ஐந்தாறு குழுக்கள் அதையே செய்யட்டும், பரவாயில்லை. வைவா அன்றைக்கு வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர் புரொஜெக்டரெல்லாம் போட வேண்டாம். பையனின் போனை வாங்கி ஃப்ளைட் மோடில் போட்டு, தூள் 120, தேறுவது 24, இலை 85 என்று அடித்துப் பார்க்கட்டும். 1,591 ரூபாய் 20 காசு வந்தால் மார்க் போடட்டும்.