ஒருசேரச் சிரிப்போம்

தமிழ்ப் படத்தின் நகைச்சுவைக்குத் தாத்தா சிரிக்கிறார். பேரனோ திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரியைப் படிக்கிறான். வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் இது வழக்கமான காட்சி.

1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய காதல் நகைச்சுவைப் படம் ‘காதலிக்க நேரமில்லை’. அதில் நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையா அஞ்சி நடுங்குவார். இப்படம் 1966இல் ‘பியார் கியே ஜா’ என இந்தியிலும் வந்தது. நாகேஷின் வேடத்தை மெஹ்மூத் ஏற்றார். கதை மொழி மாறலாம். ஆயினும் நாகேஷ் குரலைத் தாழ்த்தி உயர்த்தும் நயத்தை எழுத்து வரி தருமா? தராது.

திரையரங்கில் தவறவிட்ட சொல் போனதுதான். வீட்டில் படத்தை நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம். ஆகவே மாணவர்களே, அவ்வரிகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். சொல் புரியாவிடில் படத்தை நிறுத்தித் தாத்தாவிடம் பொருள் கேளுங்கள். பிறகு இருவரும் ஒருசேரச் சிரிப்பீர்கள்.