‘மார்பிள் சைஸ்’ மாங்காய் என்றால் எவ்வளவு?

‘‘எங்கள் மாந்தோப்பில் பிஞ்சு அதிகமாகக் கொட்டுகிறது. ‘மஸ்டர்டு சைஸில் ஒரு தெளிப்பு, பீ சைஸில் ஒன்று, மார்பிள் சைஸில் ஒன்று’ என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். ‘பீ’ என்பதை நிலக்கடலை என்று நினைத்துக்கொண்டு போன வருஷம் தாமதமாகத் தெளித்துவிட்டேன். இந்த அளவுகள்தான் என்ன?’’
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

‘பீ’ என்றால் பட்டாணி, நிலக்கடலைக்குத்தான் ‘பீநட்’. கடைச் சத்தத்தில் இரண்டெழுத்து காதில் விழாமல் போனாலே பல நாள் தள்ளிப் போய்விடும். இங்கே பட்டாணி என்பது உரித்த பச்சைப் பட்டாணி, சுமார் 8 மில்லிமீட்டர்.

‘மஸ்டர்டு’ என்பது கடுகு. மூன்றில் தவறவிடக் கூடாதது இதுதான். பூ உதிர்ந்து, காம்பு நுனியில் பச்சையாகப் புள்ளி தெரியும் நேரம். பிஞ்சு பிடிக்கவும் நிற்கவும் 2 சதவிகித பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை இந்தச் சமயத்தில் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம். பட்டாணி அளவு வரும்வரை காத்திருந்தால், கொட்ட வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் கொட்டியிருக்கும்.

‘மார்பிள்’ என்றதும் தரைக்குப் போடும் கல் நினைவுக்கு வரும். அது கோலிக்குண்டு. குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதன்மேல் பிஞ்சை வைத்துப் பார்த்தால், நாணயத்தின் குறுக்கே பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக மறைக்க வேண்டும்.

நம் வைத்தியர்கள் லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். யாரும் குழம்பவில்லை. சில கையேடுகளில் ‘கோல்ஃப் பால் சைஸ்’ என்றுகூட வருகிறது. கிராமத்தில் யார் கோல்ஃப் ஆடுகிறார்கள்? நல்ல திரட்சியான எலுமிச்சம்பழம் என்று வைத்துக்கொள்ளலாம். உறை போடுவதற்குச் சொல்லும் ‘எக் சைஸ்’ கோழிமுட்டை. நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா என்று அதற்குப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே மரத்தில் கடுகும் பட்டாணியும் சேர்ந்தே இருக்கும். முன்னால் பூத்த கிளையில் கண்ணில் படும் பெரிய பிஞ்சை வைத்து முடிவு செய்யக் கூடாது. மரத்தைச் சுற்றி வந்து, நாலு பக்கமும் பத்துப் பூங்கொத்துகளைப் பார்த்து, அதிகமாக உள்ள அளவையே கணக்கில் எடுக்க வேண்டும்.

கொட்டுவதெல்லாம் நோயுமல்ல. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் கடைசிவரை நிற்பது ஒன்றிரண்டு காய்தான். தத்துப்பூச்சி இருந்தாலோ, பிஞ்சு பிடித்தபின் நிலம் காய்ந்தாலோ அதுவும் நிற்காது. ஆகவே எந்த அளவுக்கு எந்த மருந்து என்று கேட்கும் முன், இலையையும் பாத்தி ஈரத்தையும் பார்த்துவிட வேண்டும். கடைக்குப் போகும்போது நாலைந்து பிஞ்சைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால், ‘பீ’யா ‘பீநட்’டா என்ற பேச்சே வராது.